போர் தண்ணீர் வரும் வீட்டில் ஜன்னல் கண்ணாடியைக் கோடு விழாமல் துடைப்பது எப்படி

ஜன்னல் கண்ணாடியைத் துடைத்த கையோடு பார்த்தால் பளிச்சென்று இருக்கும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கோடு, வட்டம், திட்டு எல்லாம் தெரியும். சரியாகத் தேய்க்கவில்லை போல என்று நினைத்து இன்னொரு முறை ஈரத்துணி போட்டால் கோடு கூடுமே தவிர குறையாது. ஏனென்றால் அது பழைய அழுக்கு இல்லை. துடைத்த தண்ணீர் கண்ணாடி மேலேயே காய்ந்துபோய், அதிலிருந்த உப்பும் சோப்பும் அங்கேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். அதனால் இந்த வேலையில் இரண்டு விஷயம்தான் முக்கியம்: உப்பு குறைவான தண்ணீரை எடுப்பது, அந்தத் தண்ணீர் காய்வதற்குள் கண்ணாடியிலிருந்து வழித்து எடுத்துவிடுவது. மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். சென்னையில் போர் தண்ணீர் வரும் வீட்டில் குழாய் முனையிலும் ஹீட்டர் ராடிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் உப்பு. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. இந்த 600 உள்ள தண்ணீரில் 50 மில்லி ஒரு கண்ணாடியில் காய்ந்தால் 30 மில்லிகிராம் அளவுக்கு வெள்ளைப் பொடி அங்கே நிற்கும். கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத அளவு, ஆனால் அதையே ஒரு கண்ணாடி முழுக்க மெல்லிசாக இழுத்துவிட்டால் வெயிலில் நன்றாகவே தெரியும். எந்தக் கம்பெனி லிக்விட் வாங்கினாலும் கடைசியாக அலசுவது போர் தண்ணீராக இருந்தால் கோடு விழத்தான் செய்யும்.

மெட்ரோ தண்ணீர் வந்தால் பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் முதல் கழுவலுக்குப் போர் தண்ணீரையே வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் அறை ஜன்னலுக்குத் தாராளமாக வரும். இதைவிடச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. ஏசியின் டியூபிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வையுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வந்தது, நிலத்தடி உப்பு அதில் கிடையாது. ஏசிக்குள் இருக்கும் தூசி கொஞ்சம் கலந்து வரும் என்பதால் ஒரு துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஒரு ராத்திரி ஏசி ஓடினாலே கண்ணாடி துடைக்கத் தேவையான தண்ணீர் கிடைத்துவிடும். ஆனால் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரை மட்டும் கண்ணாடிக்குப் பயன்படுத்தாதீர்கள். வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ எடுத்துக்கொள்ளலாம், கண்ணாடிக்குப் போர் தண்ணீரைவிட மோசம்.

அடுத்தது சோப்பு. பாத்திரம் கழுவும் லிக்விட் போதும், ஆனால் அளவு ரொம்ப முக்கியம். 5 லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன். பார்ப்பதற்கு இது எதற்குப் போதும் என்று தோன்றும், நுரை பொங்காது, ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கண்ணாடிக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. நுரை அதிகமானால் அதை அலசி எடுக்க நிறைய தண்ணீர் வேண்டும், அது முழுதாகப் போகாமல் காயும்போது வரும் மங்கல், உப்புக் கோட்டைவிடப் பிடிவாதமானது. துணி துவைக்கும் பவுடரும் ஷாம்புவும் வேண்டாம். ஸ்ப்ரே பாட்டிலில் வரும் நீலக் கலர் லிக்விட், ஹால் பக்கம் கைரேகை, லேசான தூசி துடைக்க நல்லது. ரோட்டுத் தூசி அப்பிய வெளிப்பக்கத்தில் அதை அடித்தால் தூசி சேறாகி நாலாபக்கமும் இழுபடும், அவ்வளவுதான்.

துணி விஷயத்தில் நிறைய பேர் கவனம் வைப்பதில்லை. டர்க்கி டவல் பிசிறு விடும். புதுக் காட்டன் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. பல முறை துவைத்து மெலிந்த பழைய வேட்டிதான் நம் வீட்டில் கிடைப்பதில் சிறந்தது, அதை நாலு துண்டாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதாக இருந்தால் மைக்ரோஃபைபர் துணி நாலைந்து வாங்குங்கள், ஈரத்துக்கு இரண்டு, காய்ந்த துடைப்புக்கு இரண்டு என்று பிரித்து, இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் விஷயம். ஈரமான துணியால் எவ்வளவு துடைத்தாலும் தண்ணீர் இடம் மாறுமே தவிர போகாது. பேப்பர் வைத்துத் துடைப்பது வேலை செய்யுமா என்று கேட்டால், செய்யும், பேப்பர் பிசிறு விடாது, ஈரத்தை உறிஞ்சும். ஆனால் மை கையில் ஒட்டும், வெள்ளை யூபிவிசி ஃபிரேமில் பட்டால் அதைத் துடைக்கத் தனி வேலை. பழைய மர ஜன்னல் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பேப்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சாமானுக்குக் காசு செலவு செய்யலாம் என்றால் நான் சொல்வது கண்ணாடி வைப்பர். தரைத் தண்ணீர் தள்ளும் வைப்பர் இல்லை, அதன் ஸ்பாஞ்ச் மாதிரியான தடித்த ரப்பர் கண்ணாடியில் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். இதற்கென்று ஒற்றை ரப்பர் விளிம்பு வைத்து, சின்னக் கைப்பிடியோடு தனியாக விற்கிறார்கள். அமெரிக்காவின் ஓக்லாந்தில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலிக்காரர் 1936-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் இது, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கிரில் இல்லாத பெரிய கண்ணாடிக்கு 10 அல்லது 12 அங்குலம், கிரில் உள்ள ஜன்னலுக்கு 6 அங்குலம். வாங்கும்போது ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஓர் இடத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் ஒவ்வொரு இழுப்பிலும் அந்த இடத்தில் ஒரு கோடு விழும்.

நேரம் பார்த்துச் செய்யுங்கள். கண்ணாடி சூடாக இருந்தால் தண்ணீரை வழிப்பதற்குள் அது காய்ந்துவிடும், பிறகு என்ன திறமை இருந்தாலும் பயனில்லை. கிழக்குப் பார்த்த ஜன்னலைச் சாயங்காலம், மேற்குப் பார்த்ததைக் காலையில். சித்திரை, வைகாசியில் என்றால் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். கையால் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பாக இருந்தால் அந்த ஜன்னலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உள்பக்கம் துடைக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், அதுவும் காய வைக்கும் வேலையைத்தான் செய்யும்.

கண்ணாடிக்குக் கடைசியில்தான் வரவேண்டும். முதலில் கொசு வலை, அப்புறம் கிரில், அப்புறம் கீழே இருக்கும் டிராக், அதன் பிறகுதான் கண்ணாடி. வரிசை மாறினால் வலையிலிருந்து தட்டும் தூசி, துடைத்த கண்ணாடியில் போய் உட்காரும். வலையைக் கழற்ற முடிந்தால் பாத்ரூமுக்குக் கொண்டுபோய் ஷவரில் காட்டி, மென்மையான பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள். கழற்ற வராத வலையை வாக்குவம் அல்லது காய்ந்த பெயிண்ட் பிரஷ் வைத்துத் தட்டி எடுங்கள், ஈரத்துணி போட்டால் தூசி ஓட்டைக்குள் அப்பிக்கொள்ளும்.

டிராக்கில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், இது கண்ணாடியைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கை உற்றுப் பார்த்தால் வெளிப்பக்கமாக நீளவாக்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். மழைத் தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்தவை. வருஷம் பூராவும் சேரும் மண், முடி, செத்த கொசு எல்லாம் சேர்ந்து இவற்றை அடைத்திருக்கும். ஐப்பசி மழையில் ஜன்னல் மூடியே இருந்தும் சுவரோரம் தண்ணீர் இறங்குகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓட்டைகளைத்தான். காய்ந்த நிலையிலேயே பழைய டூத்பிரஷ்ஷால் கிளறி, வாக்குவமால் உறிஞ்சி எடுங்கள். வாக்குவம் இல்லையென்றால் ஒரு அட்டையை டிராக் அகலத்துக்கு மடித்துத் தள்ளினால் மண் மொத்தமாக ஒரு மூலைக்கு வரும். பிறகு ஓட்டைக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்தி, அரைக் குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளியே சொட்டினால் திறந்துவிட்டது.

இனி கண்ணாடி. முதலில் சோப்பில்லாத வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்து மண்ணை இறக்கிவிடுங்கள். காய்ந்த கண்ணாடியை நேராகத் துணியால் தேய்த்தால் மணல் துகள் கீறும், அந்தக் கீறலை எதுவும் போக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்றுப் படிந்து கண்ணாடி எப்போதும் லேசாகப் பிசுபிசுக்கும், அங்கே இந்த முதல் நனைப்பை இரண்டு முறை செய்யலாம். அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மூலைகளையும் ரப்பர் பீடிங் ஓரத்தையும் சேர்த்துத் தேயுங்கள். மூலையில் மிச்சம் இருக்கும் அழுக்குத்தான் வைப்பர் போடும்போது நடுவில் இழுபட்டு வரும். தேய்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த வேறு துணியால் ஒரு முறை முழுவதும் ஒற்றி எடுங்கள், இங்கேதான் அந்த ஆர்ஓ அல்லது ஏசி தண்ணீர். கண்ணாடி இப்போது முழுக்க ஈரமாக இருக்க வேண்டும்.

வைப்பர் போடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. காய்ந்த துணியை விரலில் சுற்றி, கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். வைப்பர் ரப்பர் அந்தக் காய்ந்த பட்டையில் தொடங்க வேண்டும். ஈரத்தில் தொடங்கினால் ஃபிரேமின் இடுக்கிலிருக்கும் தண்ணீர் ரப்பரோடு சேர்ந்து கீழே ஒழுகிவரும், மேலிருந்து கீழாக நீளக் கோடு விழுவது பெரும்பாலும் இதனால்தான். வைப்பரை லேசாகச் சாய்த்து, ஒரே அழுத்தமாக, நடுவில் நிறுத்தாமல் கீழ்வரை இழுங்கள். ரொம்ப அழுத்த வேண்டாம், அழுத்தினால் ரப்பர் மடங்கித் தண்ணீரை விட்டுவிடும். கீழே வந்ததும் ரப்பரைக் காய்ந்த துணியில் ஒரு முறை துடையுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் இதைச் செய்ய வேண்டும், சோம்பல்பட்டு விடக்கூடாத இடம் இதுதான். அடுத்த இழுப்பு, முதல் இழுப்பின் மேல் 2, 3 சென்டிமீட்டர் ஏறிப்போக வேண்டும். கண்ணாடி சின்னதாக இருந்தால் குறுக்குவாக்கில் இழுத்துக் கீழே இறங்கலாம், இரண்டும் சரிதான்.

எல்லாம் முடிந்ததும் நாலு ஓரத்திலும் மெல்லிய ஈரக்கோடு நிற்கும். அதைக் காய்ந்த துணியை மடித்து, மடிப்பு முனையால் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுங்கள். நடுவில் ஏதாவது கோடு தெரிந்தால் உடனே தண்ணீர் தெளிக்காதீர்கள், காய்ந்த மைக்ரோஃபைபரால் நாலு தேய் தேய்த்தாலே பாதி போய்விடும்.

உள்ளே ஒரு கோடு தெரிகிறது, துடைத்தால் போகவில்லை, வெளியே போய்த் துடைத்தாலும் போகவில்லை, எந்தப் பக்கம் என்றே புரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். கடைசித் துடைப்பை உள்பக்கம் குறுக்காகவும் வெளிப்பக்கம் நெடுக்காகவும் போடுங்கள். கோடு குறுக்கே போனால் உள்ளே, நெடுக்கே போனால் வெளியே, தேட வேண்டியதில்லை.

நம் ஊர் ஜன்னல் என்றால் கிரில் இல்லாமல் இல்லை. 6 அங்குல வைப்பரை கிரில் கம்பிகளுக்கு நடுவில் நெட்டுவாக்கில் நுழைத்து, உள்ளே போனதும் திருப்பிக்கொண்டால் பெரும்பாலான ஜன்னலில் வேலை நடக்கும். கை நுழையாத கிரிலாக இருந்தால் மைக்ரோஃபைபரை ஒரு மர ஸ்கேலில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவைத் தள்ளி மற்றதன் வெளிப்பக்கத்தை எட்டுவது வழக்கம், அப்போது இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று வரும் பட்டையைத் தனியாகக் கவனியுங்கள், எப்போதும் மறைந்தே இருப்பதால் அங்கே தூசி சுவர் மாதிரி நிற்கும். கண்ணாடியின் இரண்டு பக்கமும் காந்தத்தால் ஒட்டித் துடைக்கும் சாமான் விற்கிறார்கள், வாங்குவதானால் உங்கள் கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள், வெளிப்பக்கத் துண்டின் கயிற்றைக் கிரிலில் கட்டாமல் தொடங்கவே வேண்டாம்.

மாடி வீட்டில் கிரில் இல்லாத ஜன்னலுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துத் துடைக்காதீர்கள். சன்ஷேடில் இறங்கி நிற்பது, ஏசி அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டில் கால் வைப்பது, இது எதுவும் வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் அப்படி ஏறச் சொல்லாதீர்கள், அவர் தானாக ஏறினாலும் இறங்கச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீர் பட்ட சன்ஷேட் எவ்வளவு வழுக்கும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும், தெரிந்துகொள்வதற்கு அது இடமில்லை. எட்டாத கண்ணாடிக்கு நீளக் கம்பு வைத்த வைப்பர் இருக்கிறது, அதற்கும் எட்டாதென்றால் கயிறும் பெல்ட்டும் போட்டு வேலை செய்யும் ஆட்களை அபார்ட்மெண்ட் மொத்தத்துக்கும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே ஏறிப்போன உப்புக் கறைக்கு இந்தத் துடைப்பு போதாது, அதற்கு அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள், அல்லது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே அடித்தால் வழிந்து போய்விடும், அதனால் டிஷ்யூ பேப்பரையோ மெல்லிய துணியையோ அதில் நனைத்துக் கறை மேல் ஒட்டிவிட்டு 15, 20 நிமிஷம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை விட்டுவிட்டு, நைலான் வலை ஸ்க்ரப்பரால் தேயுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஜன்னல் திண்டில் கடப்பா கல்லோ மார்பிளோ போட்டிருந்தால் கீழே ஒரு பழைய டவலை விரித்துவிட்டுச் செய்யுங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை, மார்பிளும் அதே உறவு, வினிகர் சொட்டினால் பளபளப்பு போய் வெளுத்துவிடும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த பக்கெட்டில் வினிகர் ஊற்றக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த கண்ணாடி லிக்விட்டோடு ப்ளீச் சேர்ந்தாலும் ஆபத்தான வாயுதான். பழைய பக்கெட்டில் முன்னால் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு மூன்று தடவை வினிகர் போட்டும் போகாத வெள்ளை, மேலே படிந்த கறையாக இல்லாமல் கண்ணாடியே அரிபட்டதாக இருக்கலாம். மாடியில் பூச்சு வேலை நடந்து சிமெண்ட் தண்ணீர் வழிந்து, அது அப்படியே கிடந்த கண்ணாடிகளில் இது நடக்கும், சிமெண்டின் காரம் கண்ணாடியைத் தின்னும். சீரியம் ஆக்சைடு பொடி வைத்துப் பாலிஷ் போட்டால் ஓரளவு குறையும், ஆழமாகப் போயிருந்தால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. அதனால் பக்கத்தில் கட்டட வேலை நடக்கும்போது சிமெண்ட் தெறித்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

சமையலறை ஜன்னலுக்கு மட்டும் முறை கொஞ்சம் வேறு. தாளிப்பு எண்ணெய்ப் புகை படிந்து மஞ்சளாக இருக்கும், அங்கே வினிகர் பயன்படாது, வெந்நீரும் கொஞ்சம் கூடுதல் சோப்பும்தான் வேலை செய்யும். பூஜை அறைப் பக்கம் ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையும் இதே வகைதான். புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போவது நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள். பெயிண்ட் துளிகளைக் கண்ணாடியை நனைத்துவிட்டு பிளேடால் ஒரே பக்கமாகத் தள்ளி எடுக்கலாம், ஆனால் டஃபன் (வலுவூட்டிய) கண்ணாடியிலும் சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும் பிளேடு வேண்டாம். ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா லிக்விட்டும் கூடாது, வெறும் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும்.

ரோட்டோர வீட்டுக்கு வெளிப்பக்கம் மாதம் ஒரு முறை, உள்தெரு வீட்டுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். பொங்கலுக்குச் சுத்தம் செய்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் போகிக்கு முன்னால் முடித்துக்கொண்டு, ஜன்னலின் வெளிப்பக்கத்தை மட்டும் போகிப் புகை அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மார்கழிப் பனியும் அந்தப் புகையும் சேர்ந்து துடைத்ததையெல்லாம் மங்கலாக்கிவிடும்.

வேலை முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள், டவலோடு போட்டால் பிசிறு பிடித்துக்கொள்ளும். கம்ஃபர்ட் மாதிரி வாசனை லிக்விட் சேர்க்காதீர்கள், அது இழைகளின் மேல் படிந்து துணி உறிஞ்சுவது குறையும், அடுத்த முறை கண்ணாடியில் எண்ணெய் பூசினாற்போல் மங்கல் வரும். வைப்பரைக் கழுவி, ரப்பர் எதிலும் அழுந்தாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். ரப்பரின் ஒரு விளிம்பு தேய்ந்தால் பெரும்பாலான மாடல்களில் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.